முயற்சி வாடகை கட்டாது

பாபநாசத்தில் என் அத்தைக்கு ஒரே கவலை: “எனக்கப்புறம் இவனை யாரு பாத்துப்பா?” அவனுக்கு வயது 34. அறிவுசார் குறைபாடு உண்டு. சோறு வடிப்பான், கடையில் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்குவான். சொந்தக்காரர்கள் சொல்வதோ, “ஏதாவது ஒரு ஹோம்ல சேத்துடுங்க.”

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவு, சமூகத்தோடு வாழ்வது அவன் உரிமை என்கிறது. இன்ன இடத்தில்தான் தங்கணும் என்ற கட்டாயம் இல்லாதபடி அரசு ‘முயல’ வேண்டுமாம். முயற்சியைக் காட்டினால் எந்த வீட்டுக்காரர் சாவி தருவார்?

தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். அதில் சாப்பிடுவானா, வாடகை கட்டுவானா? அமெரிக்காவின் ‘செக்‌ஷன் 811’ திட்டத்தில் குடியிருப்பவர் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் கட்டினால் போதும், மீதி அரசுடையது.

இல்லங்களுக்கு மானியம் தரும் அரசு, அவனுக்கு வாடகையும் அவ்வப்போது எட்டிப்பார்க்க ஒரு ஆளும் தரட்டும். அத்தை இருக்கும்போதே தரட்டும்.