கதவைத் திறக்கும் கை



மாணவர்கள் கேமராவோடு அலைந்தால் படிப்பு கெடும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஒரு த்ரில்லர் குறும்படம் அவர்களிடம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இங்கிலாந்தில் ஓசிஆர் தேர்வு வாரியத்தின் ஊடகப் பாடத்தில், ஒரு படத்தின் தொடக்கக் காட்சியை இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் எடுக்கும் பணி பல ஆண்டுகள் இருந்தது. மாணவர்கள் பலர் த்ரில்லரையே தேர்ந்தெடுத்தார்கள். அதற்குமுன் ஒரு பயிற்சியும் இருந்தது: ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, இன்னொருவர் எதிரே உட்கார்ந்து ஓரிரு வார்த்தை பேச வேண்டும். கேட்க எளிதுதான். வெளியே எடுத்த ஷாட்டில் வலது கை கைப்பிடியைத் திருகி, உள்ளே எடுத்த ஷாட்டில் இடது கை தெரிந்தால் காட்சி அங்கேயே உடைந்துவிடும். கவனம் என்பதை மாணவர் அந்தக் கைப்பிடியில் கற்கிறார்.

பயமுறுத்தப் பெரிய செலவு வேண்டியதில்லை என்பதும் புரிகிறது. 1960-ல் வந்த ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் கொலைக் காட்சியில் ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். கத்திக்குத்தின் ஓசை முலாம்பழத்திலிருந்து வந்தது.

செலவைக் குறைக்கத் திட்டமிடல் வேண்டும். இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் தன் முதல் முழுநீளப் படமான ‘ஃபாலோயிங்’கை (1998) வேலைக்குப் போகும் நண்பர்களை வைத்து வார இறுதிகளில் எடுத்தார். பிலிமை வீணாக்கக் கூடாதென்று முதலில் நன்றாக ஒத்திகை பார்த்தார்.

ஆகவே, நம் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகள் முடிந்த படத்துக்கு மட்டுமல்லாமல், ஸ்டோரிபோர்டு, ஷாட் பட்டியல், ஒத்திகைக் குறிப்பு ஆகியவற்றுக்கும் தனி மதிப்பெண் தர வேண்டும்.

– ஒரு வாசகர், மதுரை