நெஞ்சில் பேஸ்மேக்கர், தோளில் சீட் பெல்ட்



இளையான்குடியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதமே இம்மாதப் பகுதிக்குக் காரணம். அவருடைய அத்தாவுக்கு மதுரையில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டு ஐந்து மாதங்கள் ஆகின்றன. புண் ஆறிவிட்டது. கார் ஓட்டலாம் என்று மருத்துவரும் அனுமதி அளித்துவிட்டார். ஆனால் அத்தா சீட் பெல்ட் அணிய மறுக்கிறார். "கருவியின் மீது பெல்ட் அழுத்தினால் அது நின்றுவிடும்" என்பது அவருடைய அச்சம். பெல்ட் போடாவிட்டால் கார் விடாமல் ஒலி எழுப்புகிறது அல்லவா? அதை அடக்குவதற்குக் கடையில் விற்கும் வெறும் கொக்கியை வாங்கிப் பூட்டில் செருகி வைத்திருக்கிறாராம். "பெரியவரிடம் நான் எப்படி எடுத்துச் சொல்வது?" என்று கேட்டிருக்கிறார் அந்தச் சகோதரி.

சகோதரியே, தங்கள் அத்தாவிடம் முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். கருவி அவருக்கு நெஞ்சின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

பெரும்பாலோர்க்குப் பேஸ்மேக்கரை இடப்பக்கக் காறை எலும்பின் கீழே, தோலுக்கு அடியில் வைப்பார்கள். நம் நாட்டுக் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். அவருடைய பெல்ட் வலத் தோளிலிருந்து இறங்கி, நெஞ்சின் நடுவே குறுக்காக வந்து, இடப்பக்க இடுப்பருகே பூட்டில் முடிகிறது. ஆகவே இடப்பக்கத்தில் கருவி உள்ளவர் நம் ஊரில் கார் ஓட்டும்போது, பெல்ட் அக்கருவியைத் தொடுவதே இல்லை! அத்தா எதற்கு அஞ்சுகிறாரோ அது அவருடைய இருக்கையில் நிகழ்வதற்கு இடமில்லை. கார் நிற்கும்போது அவரையே பெல்ட்டை அணிந்து, தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நூறு வார்த்தை பேசுவதைவிட இது பயன் தரும்.

ஆனால் அவரே ஓட்டாமல், ஓட்டுநருக்குப் பக்கத்து முன்னிருக்கையில் அமர்ந்தால் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே பெல்ட் இடத்தோளிலிருந்து இறங்குகிறது. நேராகக் கருவியின் மேல் செல்கிறது. வீட்டுப் பெரியவரை முன்னிருக்கையில் அமர்த்துவது நம் குடும்பங்களில் மரியாதை. பேஸ்மேக்கர் உள்ள பெரியவருக்கு மட்டும் அந்த மரியாதையைச் சற்று மாற்றி, ஓட்டுநருக்கு நேர் பின்னாலுள்ள இருக்கையைத் தாருங்கள். அங்கே பெல்ட் வலத்தோளில் வரும்.

வளைகுடா நாடுகளில் வாகனம் ஓட்டும் நம் சகோதரர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள வேண்டும். சவூதியிலும் துபாயிலும் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்கிறார். பெல்ட்டும் இடத்தோளில் வருகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் ஊர் முறைதான். ஆகவே, எந்த நாட்டில் வாகனம் ஓட்டப் போகிறார் என்பதையும், கருவி பொருத்தும் முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நலம்.

பெல்ட் கருவியின் மேல்தான் வந்தாக வேண்டும் என்ற நிலையிலும் அதை விலக்கத் தேவையில்லை. மென்மையான சிறு துணியை ஒரே மடிப்பாக மடித்து, பெல்ட்டுக்கும் உடலுக்கும் இடையே வைத்தால் உறுத்தல் நீங்கும். தலையணை போன்ற தடித்த பொருள் எதையும் வைக்கக் கூடாது. பெல்ட் தளர்ந்து நின்றால், மோதும்போது உடல் முதலில் முன்னே பாய்ந்து, பிறகே பெல்ட்டில் அகப்படும், அடி இரட்டிப்பாகும். சிலர் உறுத்தலுக்கு அஞ்சித் தோள் பட்டையை அக்குளுக்குக் கீழே விட்டுக்கொள்கிறார்கள். இது அதனினும் கேடு. தோள் எலும்பு தாங்க வேண்டிய விசை முழுவதும் அப்போது விலா எலும்புகளின் மீதும், அவற்றின் அடியிலுள்ள கல்லீரல், மண்ணீரல் மீதும் இறங்கும்.

இனி அந்தக் கொக்கியைப் பற்றி. சீட் பெல்ட்டின் ஒலியை ஏமாற்றும் இத்தகைய கொக்கிகளை விற்ற ஐந்து இணைய வணிக நிறுவனங்கள் மீது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் உத்தரவு பிறப்பித்தது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. தங்கள் காரையே ஏமாற்றும் ஒரு பொருளுக்கு இத்தனை விற்பனைப் பதிவுகள் இருந்தன என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. ஏமாறுவது கார் மட்டுமன்று. ஸ்டீயரிங்கினுள் இருக்கும் காற்றுப் பை, அதாவது ஏர்பேக், பெல்ட்டுக்குத் துணையாகவே செய்யப்பட்டது. மோதிய நொடியில், ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்திற்குள் அது விரிந்துவிடும். பெல்ட் அணிந்தவர் பின்னே நிறுத்தப்பட்டிருப்பதால், விரிந்து முடிந்த பையில் சாய்கிறார். பெல்ட் அணியாதவரோ முன்னே பாய்ந்துகொண்டிருக்கும்போதே விரியும் பையினால் தாக்கப்படுகிறார். பேஸ்மேக்கர் உள்ள நெஞ்சுக்கு இது எத்தகைய அடி என்பதைத் தங்கள் அத்தாவே எண்ணிப் பார்க்கட்டும்.

"அப்படியானால் காற்றுப் பையையே கழற்றிவிடலாமே?" என்று கேட்போரும் உண்டு. சில மெக்கானிக்குகள் அதன் வயரைப் பிடுங்கிவிடவும் தயங்குவதில்லை. இக்கேள்வி முன்பே ஆராயப்பட்டதுதான். அமெரிக்காவில் தேவைப்படுவோர் காற்றுப் பையை நிறுத்திவைக்கச் சுவிட்சு பொருத்திக்கொள்ள அனுமதிக்கும் பேச்சு எழுந்தபோது, எந்தெந்த நோயாளிகளுக்கு அது தேவை என்று முடிவு செய்யப் பல துறை மருத்துவர்கள் 1997 ஜூலையில் வாஷிங்டனில் கூடினர். பேஸ்மேக்கர், நெஞ்சுவலி, ஆஸ்துமா, நெஞ்சைத் திறந்து செய்த அறுவை, மூக்குக் கண்ணாடி, கருவுற்றிருத்தல் ஆகிய ஒவ்வொன்றையும் எடுத்து ஆராய்ந்தனர். இவற்றில் எதுவும் தன்னளவில் காற்றுப் பையை நிறுத்தப் போதிய காரணம் ஆகாது என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஓட்டுநரின் நெஞ்சு எலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர், அதாவது 10 அங்குலம் இடைவெளி வேண்டும். உடல் வளைவினாலோ குட்டை உருவத்தினாலோ எவ்வகையிலும் இந்த இடைவெளியைப் பெற இயலாதவர்களே கவலைக்குரியவர்கள்.

ஆகவே வீட்டில் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு காருக்குச் செல்லுங்கள். தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் கிடக்கும் நாடாவே போதும். வழக்கமாக ஓட்டும் நிலையில் அவரை அமரச் சொல்லி அளந்து பாருங்கள். குறைந்தால் இருக்கையைப் பின்னே தள்ளலாம், முதுகுச் சாய்வைச் சற்றே கூட்டலாம், ஸ்டீயரிங்கைத் தாழ்த்தலாம். கார் ஓட்டக் கற்றுக்கொண்டுள்ள நம் சகோதரிகள் பலரும் உயரக் குறைவினால் ஸ்டீயரிங்கை ஒட்டியே அமர்கின்றனர். நோய் ஏதும் இல்லாத அவர்களும் இந்த அளவைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களின் நிலை சற்று வேறு. பிளந்து மீண்டும் கம்பியால் கட்டப்பட்ட நெஞ்சு எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். அதுவரை பெல்ட் உறுத்தும் என்பது உண்மையே. இதற்குத் தீர்வு பெல்ட்டை விடுவதன்று, ஸ்டீயரிங்கை விடுவது! பிரிட்டனின் ஓட்டுநர் உரிமத் துறை, சொந்தக் கார் ஓட்டுவோர்க்குப் பேஸ்மேக்கருக்குப் பின் ஒரு வாரமும், பைபாஸுக்குப் பின் நான்கு வாரங்களும் ஓட்டத் தடை விதிக்கிறது. நம் அறுவை மருத்துவர்கள் இதைவிடக் கூடுதலாகவே சொல்வதுண்டு; அவர்கள் சொல்லே நமக்கு முடிவு. அந்நாட்களில் மருத்துவமனைக்குச் செல்லும்போது நோயாளி பின்னிருக்கையில், பெல்ட்டுடன் அமரட்டும். பேஸ்மேக்கர் போன்றே தோன்றினாலும், ஆபத்தான இதயத் துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்துத் திருத்தும் கருவி வேறு. அதை உடையவர்கள் மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது என்று கூறப்படலாம். தமக்குப் பொருத்தியது எது என்பதைத் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்னிருக்கை என்றதும் "அங்கே பெல்ட் எதற்கு?" என்ற எண்ணம் பலருக்கு எழும். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் நிகழ்ந்த விபத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் இன்னொருவரும் பின்னிருக்கையில் பெல்ட் இன்றி அமர்ந்திருந்தனர். இருவரும் இறந்தனர். முன்னிருக்கையில் இருந்த இருவர் பலத்த காயங்களுடன் உயிர் பிழைத்தனர். விலையுயர்ந்த காராக இருந்தும் பின்னே இருந்தவர்களைக் காக்க முடியவில்லை. பின்னிருக்கையில் அமர்வோரும் பெல்ட் அணிய வேண்டும் என்பதே நம் நாட்டு மோட்டார் வாகன விதி. மீறினால் அபராதம் 1,000 ரூபாய். அபராதத்துக்கு அஞ்சி அணிவதைவிட, மானாமதுரையிலோ திருப்புவனத்திலோ நான்குவழிச் சாலையில் திடீரெனக் குறுக்கே வரும் மாட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அஞ்சி அணிவது மேல்.

பெல்ட்டின் கீழ்ப்பகுதியைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. எனவே சற்று விரிவாகவே கூறுகிறேன். இடுப்புப் பட்டை வயிற்றின் மீது கிடக்கலாகாது. தொடைகள் தொடங்கும் இடத்தில், இடுப்பு எலும்புகளின் மீது தாழ்வாகப் பதிய வேண்டும். எலும்பு விசையைத் தாங்கும், குடல் தாங்காது. தொந்தி உள்ளவர்கள் பட்டையைத் தொந்திக்குக் கீழே இழுத்துவிட வேண்டும். கருவுற்ற பெண்கள் வயிற்றுக்குக் கீழே இடுப்புப் பட்டையும், மார்புகளுக்கு இடையே தோள் பட்டையுமாக அணிய வேண்டும். குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கும், வயிற்றில் துளையிட்டுப் பை பொருத்தியவர்களுக்கும் இதே முறைதான். பட்டை எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு நன்று. கைலி உடுத்தும் நம் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். இடுப்பில் கட்டும் பச்சை பெல்ட்டும், அதன் உலோகக் கொக்கியும், பணம் திணித்த அதன் பைகளும் சீட் பெல்ட்டுக்கு அடியில் சிக்கினால், மோதும்போது அவையே வயிற்றில் குத்தும். காரில் ஏறும்போது அதைக் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள். புர்கா அணிந்த சகோதரிகள் துணியின் மடிப்புகளை நீவிவிட்டுப் பட்டையை இறுக்கிக்கொள்ள வேண்டும். திரண்ட துணியும் தளர்ச்சியையே உண்டாக்கும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் சிலருக்குக் கழுத்தருகே அல்லது நெஞ்சில் குழாய் இருக்கும். அது பெரும்பாலும் வலப்பக்கமே வைக்கப்படுவதால், நம் ஊர் ஓட்டுநர் இருக்கையில் பெல்ட் நேராக அதன் மீதே வரும். டயாலிசிஸ் முடிந்த களைப்பில் கார் ஓட்டுவதே தகாது. பிறர் ஓட்ட, இடப்பக்க இருக்கையில் அமர்ந்து வருவதே அவர்களுக்கு ஏற்றது.

புதிய கார் வாங்கும் எண்ணம் உள்ள குடும்பங்கள், நிறத்தையும் பாட்டுக் கருவியையும் பார்ப்பதற்கு முன், ஓட்டப்போகும் நோயாளியையே கடைக்கு அழைத்துச் சென்று அமர்த்திப் பார்க்க வேண்டும். பெல்ட் தொடங்கும் இடத்தை அவர் தோளுக்கு ஏற்ப மேலும் கீழும் நகர்த்த முடிகிறதா? இருக்கையை உயர்த்த முடிகிறதா? ஸ்டீயரிங் தாழ்கிறதா, முன்னும் பின்னும் நகர்கிறதா? மோதும் கணத்தில் பெல்ட்டைச் சட்டென இறுக்கும் அமைப்பும், பிறகு நெஞ்சை நசுக்காமல் சிறிதே நெகிழ்ந்து கொடுக்கும் அமைப்பும் அதில் உள்ளனவா என்று விற்பவரிடம் கேளுங்கள். வயது முதிர்ந்து எலும்பு மெலிந்தவர்களுக்கு இந்த நெகிழ்ச்சி மிக முக்கியம். 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் அந்தக் காருக்கு எத்தனை நட்சத்திரம் என்பதையும் கேட்கலாம். வாங்கிய பின், இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப் பை இருந்தால் அதை மூடும்படியான உறையைத் தைத்துப் போடாதீர்கள்.

எந்தப் பெல்ட்டும் ஈடு செய்ய முடியாத நோய்களும் உண்டு. வலிப்பு, திடீர் மயக்கம், தலைச்சுற்றல் இருக்கிறதா என்று ஓட்டுநர் உரிமத்துக்கான முதலாம் எண் படிவத்திலேயே கேட்கிறார்கள். அதில் உண்மையை மறைத்துக் கையெழுத்திடுவது வெறும் காகிதப் பிழை ஆகாது; சாலையில் செல்லும் பிறருடைய உயிர் சம்பந்தப்பட்ட அமானிதம் அது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள் ரமளானில் நோன்புடன் அஸருக்குப் பின் கார் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். இஃப்தாருக்கு வீடு சேரும் அவசரமும், இறங்கும் சர்க்கரையும் ஒன்று சேரும் நேரம் அது. விரலில் குத்தி இரத்தச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கினால் உடனே வண்டியை ஓரங்கட்டி இனிப்பு உண்ண வேண்டும். அந்த நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம்.

ஒட்டகத்தைக் கட்டிய பின் தவக்கல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸ் நாம் அனைவரும் மிம்பரில் பலமுறை கேட்டதுதான். சகோதரியே, அத்தாவிடம் அதைத் தாங்கள் சொல்வதைவிட, அவர் மதிக்கும் ஹஜ்ரத் ஒருவர் சொன்னால் பலன் கூடலாம்.

விபத்து ஏதும் நேர்ந்துவிட்டால் (அல்லாஹ் காப்பானாக), பேஸ்மேக்கர் உள்ளவர் வெளியே காயமே இல்லாவிட்டாலும் கருவியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உள்ளிருக்கும் கம்பி இடம் பெயர்ந்திருக்கக் கூடும். வயிற்றின் குறுக்கே பெல்ட்டின் தடம் சிவந்து தெரிந்தால் "வலி இல்லையே" என்று வீடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே குடல் காயப்பட்டிருப்பதற்கு அது அறிகுறியாகலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் தலையில் சிறு அடி பட்டாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் காற்றுப் பையிலிருந்து வரும் தூசி மூச்சை அடைக்கலாம். எனவே இன்ஹேலர் டிக்கியில் உள்ள பெட்டியில் இல்லாமல், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பேஸ்மேக்கர் பொருத்தியவுடன் மருத்துவமனையில் ஓர் அட்டை தருவார்கள். கருவியின் பெயரும் எண்ணும் அதில் இருக்கும. பலர் அதைக் காரின் ஆவணங்களோடு சேர்த்து வைத்துவிடுகிறார்கள். விபத்துக்குப் பின் மனிதர் 108 ஆம்புலன்ஸில் ஒரு பக்கமும், கார் போலீஸ் நிலையத்துக்கு இன்னொரு பக்கமும் செல்லும். அட்டை சட்டைப் பையிலோ பணப் பையிலோ, அவர் உடம்போடு இருக்க வேண்டும்.