அவர் தாய், நான் பாய்

நேபாளம் போகிறேன் என்றால் நம் ஊரில் ஒரே கேள்விதான்: ''பசுபதிநாதா, முக்திநாத்தா?'' நான், ''ஆடு பார்க்கப் போறேன்'' என்றேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ''அதுக்குப் பொள்ளாச்சி சந்தை போதாதாடா?''

போதாது மாமா. இது தோர்பாட்டன் ஆடு.

தோர்பாட்டன், மேற்கு நேபாளத்தில் தவளகிரி மலைத்தொடர் பக்கம் இருக்கிறது. 1,325 சதுர கிலோமீட்டர். 1987-ல் கெஜட்டில் அறிவிக்கப்பட்ட, அந்த நாட்டின் ஒரே வேட்டைக் காப்பகம். காப்பகம் என்றும் சொல்லிவிட்டு, லைசென்ஸ் கொடுத்துச் சுடவும் விடுவதாவது என்று குழம்பாதீர்கள். மதுவிலக்குத் துறையின் கீழேயே டாஸ்மாக் நடத்துகிற ஊர்க்காரர்கள் நாம். நமக்குப் புரியாதா?

பொக்கராவிலிருந்து பாக்லுங், புர்த்திபாங் வழியாக ஜீப். இறங்கியபோது என் முதுகெலும்பில் எத்தனை எலும்பு என்று தனித்தனியாக எண்ண முடிந்தது. சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் பெரிய புல்வெளி. நடுவே உத்தரகங்கா ஆறு. அங்கே எனக்கு வழிகாட்ட வந்தவருக்கு ஐம்பது வயது, அடர்த்தியான மீசை. நேபாளியில் அண்ணனை 'தாய்' என்றும் தம்பியை 'பாய்' என்றும் கூப்பிட வேண்டுமாம். ஆக, ஐந்து நாளும் அவர் எனக்குத் தாய்; நான் அவருக்குப் பாய். இருவருக்கும் பொதுவாக அரைகுறை இந்தி.

நாங்கள் தேடிப் போனது நாவுர். இங்கிலீஷ்காரன் இதற்கு வைத்த பெயர் 'புளூ ஷீப்'. ஆனால் அது நீலமும் இல்லை, செம்மறியும் இல்லை. சாம்பல் கலரில் லேசாக நீலம் அடிக்கும், அவ்வளவுதான். இது செம்மறியா, வெள்ளாடா என்ற வழக்கைத் தீர்க்க, ஜார்ஜ் ஷாலர் என்ற விஞ்ஞானி 1973-ல் இதே தோர்பாட்டன் வழியாக டோல்பா வரை நடந்தே போனார். வெள்ளாட்டுக்குத்தான் சொந்தம் அதிகம் என்று தீர்ப்புச் சொன்னார். நம் ஊரில் ஒரு வாய்தாவில் முடிகிற வழக்கா இது!

மூன்றாம் நாள், பாகுனே கணவாய்ப் பக்கம் ஏறினோம். சுமார் 4,000 மீட்டர். பத்து அடிக்கு ஒரு தடவை இயற்கையை ரசிப்பது போல நின்று மூச்சு வாங்கினேன். பட்டுப்புடவைக் கடையையே மேலே போட்டுக்கொண்ட மாதிரி ஒரு டான்ஃபே பறவை சர்ரென்று பறந்தது. பனிச்சிறுத்தையை நான் பார்க்கவில்லை. அது என்னைப் பார்த்திருக்கலாம்.

பிறகு மூன்று மணி நேரம் பைனாகுலரில் பாறைகளைப் பார்த்தேன். திடீரென்று நாலு பாறைகள் எழுந்து நின்றன!

நாவுர்கள். முன்னால் ஒரு கிழக் கடா. கொம்பு இரண்டும் விரிந்து, பின்பக்கம் வளைந்து கிடந்தன. தாய் காதோரம் கிசுகிசுத்தார்: ''இந்த மாதிரிக் கொம்புக்குத்தான் வெளிநாட்டுக்காரன் ஆயிரக்கணக்கில் டாலர் கட்டறான், பாய்.''

காப்பகத்தை ஏழு பிளாக்காகப் பிரித்திருக்கிறார்கள். தலையை எண்ணி, பிளாக்குக்கு இத்தனை என்று கோட்டா. வளர்ந்த கடாவை மட்டும்தான் சுடலாம். பி.காம். படித்தவனுக்கு இது புரிகிறது: அசலைத் தொடாமல் வட்டியை எடுக்கிறார்கள். ஆனால் ஸ்டாக் கணக்கு தப்பாக இருந்தால்? எடுத்தது வட்டியா அசலா என்று யாருக்குத் தெரியும்? பனிச்சிறுத்தைக்கும் இதுதானே சாப்பாடு? அது கோட்டா பார்த்தா சாப்பிடுகிறது?

கடா என்னையே நிமிர்ந்து பார்த்தது. எனக்கு என்ன தோன்றியதோ, பலமாக இருமினேன். அடுத்த நொடி நாலும் செங்குத்துப் பாறையில் ஏறி மறைந்தன.

தாய் சிரித்தார். ''யார்கிட்டேருந்து காப்பாத்தினே? சீசன் போன மாசமே முடிஞ்சு போச்சு.''

வழிந்தேன். ''சுடறதைப் பார்த்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா, தாய்?''

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: ''இருக்கும். ஆனா ஒரு வேட்டைக்காரன் வந்தா இருபது பேருக்கு மூணு வாரம் கூலி. லைசென்ஸ் பணம் காட்மாண்டு போயிடும், கூலி இங்கே நிக்கும். நீ வந்தே... எனக்கு மட்டும் அஞ்சு நாள்.''

இமயமலையில் எனக்கு உண்மையாகவே மூச்சு முட்டியது அப்போதுதான். இரக்கம் என் பக்கம் இருந்தது. வரவு அவர்கள் பக்கம் இருந்தது. வெறும் இரக்கத்தை எந்த லெட்ஜரில் எழுதுவது?

புறப்படும்போது தாய் என் பையை ஜீப்பில் வைத்துவிட்டுச் சொன்னார்: ''அடுத்த தடவை இன்னும் பத்தொன்பது பேரைக் கூட்டிட்டு வா, பாய். அப்புறம் அந்தக் கடாவைப் பத்தி நாம பேசலாம்.''

ஆகவே வாசகர்களே, பத்தொன்பது பேர் தேவை. முழங்காலும் நெஞ்சும் சரியாக இருந்தால் போதும்.

இருமல் இருந்தால் முன்னுரிமை.