வேடந்தாங்கல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையை அளந்து கல் நடக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
ஏரிப்பாசன விவசாயிகள் சங்கம்,
வேடந்தாங்கல் சுற்றுக் கிராமங்கள், மதுராந்தகம் வட்டம்.

பெறுநர்:
சரணாலய எல்லை குறித்து முடிவெடுக்கும் உயர் அலுவலர்கள் அவர்கள்.

பொருள்: சரணாலய எல்லைக்குள் வரும் புல எண்களை வெளியிடுதல், எல்லைக்கல் நடுதல் மற்றும் பிற கோரிக்கைகள் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் எங்கள் சங்கம் முன்பு அளித்த மூன்று மனுக்கள்.

ஐயா / அம்மா,

வேடந்தாங்கல் ஏரியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஏரிகளிலிருந்தும் தண்ணீர் பாய்ச்சிப் பயிர் செய்யும் பட்டாதாரர்களும் குத்தகைதாரர்களும் எங்கள் சங்க உறுப்பினர்கள்.

1. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1998-ல் வெளியான அறிவிக்கை, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள பரப்பைச் சரணாலயம் என்கிறது. அச்சட்டத்தின் 26ஏ பிரிவு, தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் ஒரு சரணாலயத்தின் எல்லையை மாநில அரசு மாற்ற முடியாது என்கிறது. நாங்கள் கேட்பது புதிய சலுகை அல்ல. காகிதத்தில் இருக்கும் எல்லையை நிலத்தில் காட்டுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

முதல் மனுவில், அந்த 5 கிலோமீட்டருக்குள் வரும் புல எண்களின் பட்டியலை ஊர்வாரியாகக் கேட்டோம். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரியில் பதில் வந்தது. இரண்டாவது மனுவில், முதல் மனுவின் நகலை இணைத்து அதையே கேட்டோம். மனு வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதாகச் சொன்னார்கள். அந்த அலுவலகத்துக்குப் போனால், இது எங்கள் பொருள் அல்ல என்றார்கள். மூன்றாவது மனுவுடன் கிராம சபைத் தீர்மானத்தையும் இணைத்துக் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்தோம். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. இந்த இடைவெளியில் கழனிகள் வீட்டுமனைகளாகின்றன, மண் அள்ளப்படுகிறது. கேட்டால், "இது சரணாலயத்துக்கு வெளியே இருக்கிறது" என்கிறார்கள். உள்ளே எது, வெளியே எது என்று காட்ட எங்களிடம் ஒரு கல்கூட இல்லை.

ஏரி இருக்கும்போது 5 கிலோமீட்டர் எதற்கு என்று எங்களிடமே கேட்டவர்கள் உண்டு. ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். அங்கே நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டுகின்றன. இத்தனை வாய்களுக்கும் அந்த 30 ஹெக்டேர் இரை தராது. பறவைகளுக்கு ஏரி வீடு, சுற்றியுள்ள ஏரிகளும் கழனிகளும்தான் சோறு. நத்தைகுத்தி நாரை எங்கள் நடவு வயலில் இறங்கி, சேற்றுக்குள் அலகை விட்டு நத்தையைத் தேடி எடுக்கிறது. இரண்டு அலகும் நடுவில் பொருந்தாமல் இடைவெளி விட்டிருக்கும் அந்த வாயால் ஓட்டுக்குள்ளிருந்து சதையை மட்டும் உருவிக்கொள்கிறது. வெறும் ஓடுகள் வரப்போரம் கிடக்கின்றன. அந்த இரையோடுதான் குஞ்சிடம் பறக்கிறது. இந்த வயலில் ஆலைக் கழிவு கலந்தால், இங்கே மனைக்கல் நட்டால், ஏரிக்கு எத்தனை வேலி போட்டாலும் குஞ்சு பிழைக்காது. 2020-ல் 5 கிலோமீட்டரை 3 ஆக்கும் முன்மொழிவு வந்தபோது நாங்கள் பதறியதும் இதனால்தான்.

இந்தப் பறவைகளைக் காக்கச் சொல்லி எங்கள் ஊருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டார்கள். 1798-ல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அந்த முறையீட்டை ஏற்று, பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்குக் கவுல் என்னும் உரிமைப் பத்திரமாக எழுதிக் கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ஓர் அதிகாரி விவசாயிகளின் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுத்தில் பதில் தந்திருக்கிறார். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலிப் பறவைகள் சரணாலயமும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. அந்தப் பெருமைக்குப் பிறகும் நாங்கள் ஒரு புல எண் பட்டியலுக்காக அலைகிறோம்.

நாங்கள் இழந்ததையும் சொல்ல வேண்டும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு எங்கள் பிள்ளைகள் பட்டாசு வெடிப்பதில்லை. அதில் வருத்தமும் இல்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் உரமாகப் பாய்வதை எங்கள் நெல் அறியும். ஆனால் எல்லை தெளிவில்லாத நிலையில் நியாயமான விவசாயிக்கும் அச்சம் இருக்கிறது. நாளைக்குக் கிணறு வெட்டக்கூட விடமாட்டார்கள் என்று தரகர்கள் பயமுறுத்தி, அடிமாட்டு விலைக்கு நிலத்தைக் கேட்கிறார்கள். ஆகவே புல எண் பட்டியலுடன், உழவு, பாசனம், மேய்ச்சல் ஆகிய எங்கள் உரிமைகள் தொடரும் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். எல்லைக்குள் மனைப்பிரிவு, மண் குவாரி, ஆலை விரிவாக்கம் எதற்கும் கிராம சபைக்குத் தெரிவிக்காமல் அனுமதி தரக்கூடாது.

2. ஏரிக்கு வரும் வரத்துக்கால்களை மழைக்கு முன் தூர்வாரித் தர வேண்டும்.

3. நவம்பர் முதல் மார்ச் வரையிலான பருவத்தில், விடுமுறை நாட்களில் மதுராந்தகத்திலிருந்து கூடுதல் பேருந்து விட வேண்டும்.

4. பார்வையாளர்களுக்குக் கழிப்பறையும் குடிநீரும் போதிய அளவில் அமைக்க வேண்டும்.

5. கரையில் ஒலிபெருக்கி, டிரோன், நெகிழிப் பை ஆகியவற்றைத் தடுக்க வேண்டும்.

6. பறவைகளின் பெயரும் பழக்கமும் அறிந்த உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் அடையாள அட்டையும் வழங்க வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஊராட்சிக்கு ஒதுக்க வேண்டும்.

2 முதல் 6 வரையுள்ளவை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போனாலும் பொறுத்துக்கொள்வோம். முதல் கோரிக்கை பொறுக்காது. மனையாகிவிட்ட கழனி மறுபடி கழனியாவதில்லை. எனவே இம்முறை மனுவை வேறு அலுவலகத்துக்கு அனுப்பாமல், நில அளவையர் வரும் நாளைக் குறித்து எழுத்தில் பதில் தருமாறு வேண்டுகிறோம். அளக்கும் நாளில் சங்கிலி பிடிக்கவும், கல் சுமக்கவும், வரப்பு காட்டவும் எங்கள் உறுப்பினர்கள் வருவார்கள்.

இப்படிக்கு,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.