வரைபடத்தில் தொடங்கும் வேட்டை

வேட்டை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு இரண்டு சித்திரங்களே மனத்தில் எழுகின்றன. கொன்ற விலங்கின்மேல் கால் வைத்து நிற்கும் ஜமீன்தாரின் மங்கிய புகைப்படம் ஒன்று. ஜீப் விளக்கொளியில் மானைச் சுட்டுவிட்டு ஓடும் களவு வேட்டை மற்றது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேறு சித்திரத்துக்கு இடமில்லை. அங்கே அதுவே சரி. ஆனால் அமெரிக்க மேற்கில் மூன்றாவதாக ஒரு வேட்டை இருக்கிறது. அதில் வேட்டைக்காரருக்குச் சொந்த நிலம் இல்லை. கூலிக்கு அமர்த்திய வழிகாட்டியும் இல்லை. ஒரு வரைபடமும், குலுக்கலில் விழுந்த ஓர் உரிமச் சீட்டும், அரசு வகுத்த விதிகளும் மட்டுமே உண்டு.

2025ஆம் ஆண்டில் நண்பர்களாகிய நாங்கள் மூவர் வயோமிங் மாநிலத்தில் அத்தகைய வேட்டையொன்றுக்குத் திட்டமிட்டோம். ஜனவரியில் தொடங்கிய வேலை அக்டோபரில் முடிந்தது. துப்பாக்கி வெடித்தது ஒரே ஒரு முறை. எஞ்சிய ஒன்பது மாதங்களைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம். வேட்டைக்கு அறம் என்று ஒன்று இருக்குமானால் அது அந்த மாதங்களில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

முதலில் விலங்கைப் பற்றி. ப்ராங்ஹார்ன் என்னும் இதனை அமெரிக்கர்கள் ஆன்டிலோப் என்றே அழைக்கிறார்கள். உயிரியல்படி இது அந்த இனமன்று. தன் குடும்பத்தில் எஞ்சியிருக்கும் ஒரே உயிர். ஒட்டகச்சிவிங்கியும் ஒகாபியுமே இதற்கு நெருங்கிய உறவு. மணிக்கு எண்பது கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடும். நம்மை நாம் நினைப்பதற்கு வெகு தொலைவிலேயே பார்த்துவிடும். ஆனால் வேலியைத் தாண்ட மட்டும் பெரும்பாலும் விரும்பாது. கீழ்க்கம்பிக்கு அடியில் நுழைந்து தவழ்ந்தே கடக்கும். திறந்த வெளியில் உருவான விலங்குக்கு வேலி என்பது இன்னும் விளங்காத செய்தி. மனிதருக்கும் அங்கே அதுவே சிக்கல் என்பது போகப் போகத்தான் எங்களுக்குப் புரிந்தது.

வயோமிங்கின் நிலத்தில் ஏறத்தாழப் பாதி பொது நிலம். அதில் பெரும்பங்கு, பி.எல்.எம். என்று எல்லோரும் அழைக்கும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையின் பொறுப்பில் உள்ளது. சேஜ் புதர் மண்டிய, மரமற்ற வெளிகள். எவரிடமும் அனுமதி கேளாமல் அங்கே நடக்கலாம், உறங்கலாம், உரிமம் இருந்தால் வேட்டையாடலாம். காகிதத்தில் இது எளிது. வரைபடத்தை விரித்தால்தான் உண்மை தெரியும். 1862ஆம் ஆண்டின் சட்டப்படி, இருப்புப்பாதை அமைத்த நிறுவனத்துக்குப் பாதையின் இருமருங்கிலும் ஒன்றுவிட்டு ஒன்றாக, ஒரு சதுர மைல் கட்டங்களை அரசு வழங்கியது. அதனால் மாநிலத்தின் தெற்கே நிலம் இன்றும் சதுரங்கப் பலகையாகக் கிடக்கிறது. ஒரு கட்டம் நம்முடையது, அடுத்தது தனியாருடையது. நம்முடைய ஒரு கட்டத்திலிருந்து நம்முடைய இன்னொரு கட்டத்துக்குப் போக, நான்கு கட்டங்களும் கூடும் மூலைப் புள்ளியைத் தாண்டியாக வேண்டும்.

அந்தப் புள்ளியைத் தாண்டியதற்காக வழக்கே நடந்தது. 2021இல் மிசௌரியைச் சேர்ந்த நான்கு வேட்டைக்காரர்கள், தனியார் மண்ணில் கால் படாதபடி ஓர் ஏணியை வைத்து மூலையைக் கடந்தனர். அத்துமீறல் வழக்கில் 2022இல் ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என விடுவித்தது. நில உரிமையாளர் பல லட்சம் டாலர் இழப்பீடு கோரித் தொடுத்த வழக்கிலும் 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே நின்றது. பொது நிலத்துக்கான வழியை அடைக்கலாகாது என்னும் 1885ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு ஆதாரமாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததால் அந்த வட்டாரத்தின் ஆறு மாநிலங்களில் தீர்ப்பு நிலைத்தது. காற்றில் ஓர் அடி எடுத்து வைக்க நான்கு ஆண்டுகள் ஆயின.

எங்கள் திட்டத்தில் பாதிக் காலம் இந்தக் கட்டங்களிலேயே கழிந்தது. மான் அதிகம் என்று பெயர்பெற்ற ஒரு பகுதியை முதலில் குறித்தோம். வண்ணமிட்டுப் பார்த்தால் அங்கே பொது நிலம் கைக்குட்டையளவே இருந்தது. சீட்டு எளிதில் கிடைக்கும் இடங்களில் கால் வைக்க இடமில்லை. கால் வைக்க இடமுள்ள பகுதிகளில் சீட்டுக்குப் பெரும் போட்டி. கூடவே இன்னொரு கணக்கும் இருந்தது. 2022–23இன் கொடும் பனிக்காலத்தில் மேற்கு வயோமிங்கில் மான்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன; அரசும் உரிமங்களைக் குறைத்தது. அடிபட்ட மந்தை உள்ள பகுதிகளை எங்கள் பட்டியலிலிருந்து நாங்களே நீக்கினோம். வழிகாட்டிக்குப் பணம் கட்டியிருந்தால் இந்தக் கேள்விகள் எங்கள் மேசைக்கே வந்திரா. முதியவர்க்கும் உடல் இயலாதவர்க்கும் வழிகாட்டி தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் எதைக் கொல்லலாம், எங்கே கொல்லலாகாது என்ற யோசனையைக் கூலிக்கு விடுபவர், வேட்டையில் மிகக் கடினமான பகுதியைத்தான் கூலிக்கு விடுகிறார்.

விண்ணப்பித்துவிட்டுச் சீட்டுக்காகக் காத்திருந்த ஜூன் மாதத்தில், மேற்கு மாநிலங்களின் பொது நிலத்தில் 20 லட்சம் ஏக்கருக்கும் மேல் விற்க வழிசெய்யும் யோசனை அமெரிக்க செனட்டின் முன் வந்தது. எதிர்ப்பு எழுந்தது. மலையேறுபவரும் மீன்பிடிப்பவரும் சூழலியலாளரும் வேட்டைக்காரரும் ஒரே குரலில் பேசினர். மாத இறுதியில் யோசனை கைவிடப்பட்டது. வேட்டைக்காரர்கள் ஏன் அத்தனை உரக்கப் பேசினார்கள் என்று எங்களுக்கு அப்போது விளங்கியது. வரைபடத்தை ஆறு மாதம் பார்த்தவனுக்கு அந்த நிலம் வெறும் எண் அன்று. எந்த ஓடையில் செப்டம்பரில் நீர் இருக்கும், மழை பெய்தால் எந்த மண்சாலை சேறாகி வண்டியை விழுங்கும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்த இடத்தை எவரும் எளிதில் விற்கவிடுவதில்லை.

வேட்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் நாள் மாலை 200 மீட்டர் தொலைவில் ஒரு கிடா நின்றது. நின்றது வேலிக்கு அப்பால், தனியார் கட்டத்தில். சுற்றிலும் ஒருவருமில்லை. துப்பாக்கியைத் தாழ்த்தினோம். மறுநாள் காலை, பொது நிலத்தில், ஒரு மணி நேரம் வயிற்றால் ஊர்ந்தபின் எங்களில் ஒருவர் சுட்டார். பிறகு எல்லாம் அவசரம். உட்புழையுள்ள அந்த ரோமம் உடற்சூட்டை வெளியே விடாது. தோலை உடனே உரித்துக் குளிர்விக்காவிட்டால் இறைச்சி கெடும். உண்ணத்தக்க இறைச்சியை வீணடிப்பது வயோமிங்கில் குற்றம். பனிக்கட்டிப் பெட்டிகளை முந்தைய வாரமே வாங்கி வைத்ததன் பொருள் அப்போது தெரிந்தது. மற்ற இருவரின் சீட்டுகளும் பயன்படாமலே காலாவதியாயின. அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

இறைச்சி வேண்டுமென்றால் கடையில் இருக்கிறதே என்று நண்பரொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த மானின் கண்ணை அருகில் பார்த்தபோது எங்களுக்கும் அது எழுந்தது. முழுமையான பதில் இன்னும் எங்களிடம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். கடையில் நாம் வாங்கும் இறைச்சிக்குப் பின்னாலும் ஒரு மரணம் உண்டு. அதற்காக நாம் ஒரு நாளும் யோசித்ததில்லை. இந்த ஒரு மரணத்துக்காக ஒன்பது மாதம் யோசித்தோம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நாங்கள் கொடுத்த விலையில், 1937ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒரு பங்கு வரியாகக் காட்டுயிர்ப் பராமரிப்புக்கே செல்கிறது. இவற்றால் கொலை புண்ணியமாகிவிடாது. கணக்கு வைத்துக்கொள்ளாத கொலையைவிட இது மேல், அவ்வளவே.

எங்களுக்கு அச்சமூட்டுவது வேறு. வேலியும் விலையும் ஏறிக்கொண்டே போனால், பணமுள்ளவர் மட்டும் தனியார் பண்ணைகளில் வேட்டையாடும் காலம் அங்கும் வரலாம். அப்போது அமெரிக்கர்க்கும் பழைய ஜமீன்தார் புகைப்படம் ஒன்றே எஞ்சும். வேட்டையை வெறுப்பவரும்கூட அதை விரும்பமாட்டார் என்று நம்புகிறோம். பொது நிலத்தில் ஒரு தையற்காரருக்கும் ஒரு கோடீஸ்வரருக்கும் ஒரே குலுக்கல், ஒரே விதி, ஒரே காற்று. உலகில் அத்தகைய இடங்கள் பல இல்லை.

ஜனவரியில் மீண்டும் வரைபடத்தை விரிப்போம். சீட்டு விழாமற் போகலாம். விழாவிட்டாலும் அங்கே போய் நடந்துவிட்டு வருவதாக இருக்கிறோம்; அதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை.