மூன்று லிட்டர் பெயிண்ட், இரண்டு வாரக் கூலி

மாருதி 800 ஒன்றுக்கு முழுசாகப் பெயிண்ட் அடிக்க எவ்வளவு ஆகும்? எங்கள் தெரு நண்பர் ஒருவர் இந்தக் கேள்வியோடு காஞ்சிபுரத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வண்டி 2010-இல் வாங்கியது, சிவப்பு. பானெட்டும் கூரையும் வெயிலில் வெளுத்து, தடவினால் விரலில் சிவப்புப் பொடி ஒட்டுகிறது. பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டிய நேரமும் வந்துவிட்டது. ஓர் இடத்தில் 18,000 ரூபாய் என்றார்கள். இன்னோர் இடத்தில் 40,000. நெடுஞ்சாலைப் பக்கம் பெயிண்ட் பூத் வைத்திருக்கும் பெரிய ஒர்க்‌ஷாப்பில் 75,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வண்டியை இன்றைக்கு விற்றால் அறுபது, எழுபதாயிரம் வந்தாலே பெரிது.

"ஒரே வண்டி, ஒரே கலர். நாலு மடங்கு வித்தியாசம் எப்படி சார் வரும்? இதுல யார் நம்மள ஏமாத்துறாங்க?" என்றார்.

யாரும் ஏமாற்றவில்லை என்பதுதான் என் எண்ணம். மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். நாம் கண்ணால் பார்ப்பது கடைசியில் அடிக்கிற கலரை மட்டும். அதற்கு ஆகிற செலவு மொத்தத்தில் சின்னப் பங்கு. மீதிப் பணமெல்லாம் கலருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போகிறது.

நாற்பதாயிரம் சொன்னவரின் ஷெட் செவிலிமேட்டுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. நண்பரோடு நானும் போனேன். பெயிண்டர் வண்டியின் நிறத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கீழே உட்கார்ந்தார். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் கதவின் அடி விளிம்பைத் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடம் வரைக்கும் 'டங்' என்று கேட்டது, அதற்குப் பிறகு சத்தம் செத்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து அங்கே வைத்தார். ஒட்டவில்லை, விழுந்தது. "அண்ணே, இங்க தகரம் இல்ல. யாரோ பட்டி வச்சு மூடியிருக்காங்க" என்றார். கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கை ஒரு முழம் உரித்துக் காட்டினார். உள்ளே செதில் செதிலாகத் துரு. கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகள் மண்ணால் அடைத்துக் கிடந்தன. ஒவ்வொரு மழைக்கும் இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது.

பதினெட்டாயிரம் சொன்னவர் இந்தப் பீடிங்கை உரிக்கப் போவதில்லை. கைப்பிடி, விளக்கு, கண்ணாடி ரப்பர் எதையும் கழற்றாமல், செய்தித்தாளை ஒட்டி மறைத்து, மேலாகத் தேய்த்து, இரண்டு கோட் அடித்துக் கொடுப்பார். பத்து நாள் பார்க்க அழகாக இருக்கும். துரு அடியில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அடுத்த மழைக்காலத்தில் இல்லாவிட்டால் அதற்கடுத்த மழைக்காலத்தில் கொப்புளமாக மேலே வரும். அந்த விலைக்கு அதற்கு மேல் ஒரு மனிதரால் செய்ய முடியாது.

ஒழுங்கான வேலை எப்படிப் போகும் என்பதைச் சொல்கிறேன். முதலில் டிங்கரிங். செத்த தகரத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து, கேஸ் வெல்டிங் போட்டு, சுத்தியால் தட்டி வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு வெளுத்த பழைய பெயிண்ட்டைத் தேய்த்து எடுக்க வேண்டும். பள்ளங்களில் பட்டி பார்த்து, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. அடுத்து பிரைமர். அதற்கு மேல் வாட்டர் பேப்பர். 320-ஆம் நம்பரில் தொடங்கி 400, 600, 800 என்று போகும். ஈரக் கையோடு உள்ளங்கையை வைத்துத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். கண்ணுக்குப் படாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும். இத்தனையும் முடிந்தால்தான் ஸ்பிரே கன்னைத் தொடுவது. கலர், அதன் மேல் கிளியர். அது இறுகிய பிறகு 1500, 2000 நம்பர் பேப்பர், கடைசியாக ரப்பிங், பாலிஷ். இரண்டு ஆள் இரண்டு வாரம் உழைக்கிற இந்த வேலையில், கலர் அடிப்பது அரை நாள். ஒரு மாருதி 800-க்குக் கலர் ஏறக்குறைய மூன்று லிட்டர் போதும்.

இது பெயிண்டர்கள் மட்டும் சொல்கிற கணக்கு இல்லை. இன்சூரன்ஸ்காரர்களின் கணக்கும் இதேதான். விபத்து க்ளெய்மில் பெயிண்டிங் பில்லைப் பொருள் தனி, கூலி தனி என்று பிரிக்காமல் மொத்தமாகக் கொடுத்தால், அதில் 25 சதவீதத்தைத்தான் பொருளின் விலை என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கால் பங்கில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். 40,000 ரூபாய் பில் என்றால் பொருள் 10,000, கழிவு 5,000. முக்கால் பங்கு கூலியும் மற்றதும் என்பது விதியிலேயே இருக்கிறது. வெயிலில் வெளுத்ததற்கும் துருப் பிடித்ததற்கும் இன்சூரன்ஸ் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிறார்கள்.

இந்தக் கால் பங்கைக் கேட்டதும் நண்பரின் முகம் மாறியது. அவர் வேலை பார்த்த சங்கத்தில் சரிகையின் கணக்கு அவருக்கு அத்துப்படி. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீட்டில் எழுதியிருக்கும் சரிகையில் வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் வெறும் அரை சதவீதம். மினுக்குவது அந்த அரை சதவீதம், மீதியெல்லாம் அதற்கு அடியில் இருக்கிறது. "அப்ப இதையும் உரசிப் பார்த்துத்தான் வாங்கணும்" என்றார். அதற்குப் பிறகு அவர் விலை பேசவே இல்லை, என்னென்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

உரசிப் பார்க்கவும் வழி இருக்கிறது. துணியில் கொஞ்சம் தின்னரைத் தொட்டு, பெயிண்டின் மறைவான ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அது என்.சி. எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட். 1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 'டூகோ' என்ற பெயரில் கொண்டுவந்தது இந்த வகையைத்தான். அதுவரை வாரக்கணக்கில் காய வைக்க வேண்டியிருந்த கார் வார்னிஷை அது ஒழித்தது. ஆனால் அது தின்னர் ஆவியாகிக் காய்கிற பெயிண்ட், சீக்கிரம் மங்கும், அடிக்கடி பாலிஷ் கேட்கும். இப்போது நல்ல ஒர்க்‌ஷாப்புகளில் 2கே என்கிற, ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயிண்ட்தான். இறுகிவிட்டால் தின்னருக்கு அசையாது. விலை கூடுதல், உழைப்பும் கூடுதல். விலை கேட்கும்போது என்.சி.யா, 2கேயா என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எவ்வளவு கொடுத்தாலும் கம்பெனி பெயிண்ட் போல வருமா என்று கேட்கிறார்கள். வராது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் ஆலைகள் நமக்கு ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கின்றன. அங்கே பெயிண்டுக்குப் போகும்போது வண்டி வெறும் கூடு. சீட் இல்லை, ஒயர் இல்லை, ரப்பர் இல்லை. கூட்டை அப்படியே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி முதல் பூச்சை ஏற்றுகிறார்கள். மூலை முடுக்கெல்லாம் அது போய்ச் சேரும். அதை அடுப்பில் 140 டிகிரிக்கு மேல் சுட முடியும். இத்தனை பூச்சும் சேர்ந்து பருமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், ஆனாலும் வருஷக்கணக்கில் நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை அந்தச் சூட்டில் வைத்தால் ஒயரும் பிளாஸ்டிக்கும் உருகிவிடும். அதனால்தான் நல்ல பூத்திலும் 60 டிகிரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எழுபத்தைந்தாயிரத்தில் ஒரு பெரும் பகுதி இந்தப் பூத்துக்குப் போகிறது. தூசியில்லாத காற்று, சீரான சூடு, அதற்கான மின்சாரம். புது வண்டிக்கு, மெட்டாலிக் கலருக்கு அது அவசியம். பழைய வண்டியின் சாலிட் சிவப்புக்கோ வெள்ளைக்கோ, கவனமான கையுள்ள ஒருவரின் மூடிய ஷெட் போதும் என்பது என் கருத்து.

பூத் இல்லாத இடத்தில் கொடுப்பவர்கள் மாதம் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கூடவே கூடாது. காற்றில் இருக்கும் ஈரம் பெயிண்டில் இறங்கிப் பூத்துப்போகும். கத்திரி வெயிலில் கன்னிலிருந்து கிளம்பிய துளி தகரத்தில் விழுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகும். தை, மாசிதான் தோது.

நிறத்தை மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் நிறத்துக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிய வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் அதற்கு 14 நாள் கெடு வைத்திருக்கிறது. ராணுவத்தின் ஆலிவ் பச்சையைத் தனியார் வண்டிக்கு அடிக்கவே கூடாது, 1989-ஆம் வருஷ விதிகளிலேயே தடை இருக்கிறது. ஜீப்புக்கு ஆசைப்பட்டு அடித்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். செலவும் ஏறும். நிறம் மாறினால் கதவு இடுக்கு, டிக்கி உள்பக்கம், பானெட்டின் அடி என்று எல்லா இடமும் அடிக்க வேண்டும். பழைய நிறமே போதும்.

முழு பெயிண்ட் எல்லோருக்கும் தேவையும் இல்லை. முகூர்த்த நாளில் காந்தி ரோட்டில் வண்டியை நிறுத்திக் கதவில் கோடு வாங்கியவர்கள், அந்த ஒரு கதவை மட்டும் அடித்துக்கொள்ளலாம். ஒரு பகுதிக்கு மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை இங்கே கேட்கிறார்கள். சென்னையிலிருந்து பழைய வண்டி வாங்கியவர்கள் பெயிண்டைப் பற்றி யோசிக்கும் முன் வண்டியைத் தூக்கி அடியைப் பார்க்க வேண்டும். திருவான்மியூர் கடற்காற்றில் நின்ற வண்டியாக இருக்கலாம், 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்ததாகவும் இருக்கலாம். அடித் தகரமே போயிருந்தால் மேலே பெயிண்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண். விற்கிற எண்ணத்தோடு பெயிண்ட் அடிப்பவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். போட்ட பணம் விலையில் திரும்பாது. வாங்க வருகிறவர் "ஏன் அடிச்சாங்க, எங்க இடிச்சாங்க" என்று சந்தேகம்தான் படுவார்.

நண்பர் விற்கப் போவதில்லை. மாருதி 800 தயாரிப்பதையே 2014-இல் நிறுத்திவிட்டார்கள். தெருவின் அகலத்துக்கும் அவர் வயதுக்கும் அந்த வண்டிதான் சரி. ஆர்.சி. புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருஷம். நாற்பதாயிரத்தை ஐந்தால் வகுத்துப் பார்த்தார், வருஷத்துக்கு எட்டாயிரம். செவிலிமேட்டிலேயே விட்டுவிட்டார். கதவின் அடித் தகரம் மாற்றிய வகையில் மூவாயிரத்து ஐந்நூறு கூடியது.

ஒன்று மட்டும் என்னை உறுத்தியது. 2கே பெயிண்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அந்தப் புகைமூட்டத்தைச் சுவாசிக்கிற பெயிண்டர்களுக்கு ஆஸ்துமா வரலாம், ஒருமுறை வந்துவிட்டால் அதற்குப் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். நாங்கள் போன அன்று அங்கே வேலை செய்த பையன் மூக்கில் கட்டியிருந்தது கைக்குட்டை. துணி தூசியைத்தான் ஓரளவு தடுக்கும், இதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே கொண்டுவரும் முகமூடிதான் முழுப் பாதுகாப்பு. அது முடியாத இடத்தில் கரி வடிகட்டி வைத்த, முகத்தோடு பொருந்துகிற மாஸ்க்காவது வேண்டும். அதன் விலை சில ஆயிரம் ரூபாய், முழு பெயிண்டுக்கு நாம் கொடுப்பதில் மிகச் சிறிய பங்கு. வண்டிச் சாவியைக் கொடுக்கும் முன் பெயிண்டரிடம் மாஸ்க் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதற்கான பணத்தையும் சேர்த்துக் கொடுத்து, அவர் அதைப் போட்டுக்கொண்ட பிறகு கலர் அடிக்கச் சொல்லுங்கள்.