தாழ்த்திய காரும் தட்டிக்கழிக்கும் பதிலும்

"தாழ்த்தினா அப்படித்தான் இருக்கும்." ஸ்பிரிங் மாற்றிய மறுவாரமே முறையீட்டோடு திரும்பி வரும் வாடிக்கையாளருக்கு நம் பட்டறைகளில் கிடைக்கும் பதில் இது. சின் மிங்கில் கேட்டிருக்கிறேன், காக்கி புக்கிட்டிலும் உபியிலும் கேட்டிருக்கிறேன். தாழ்த்திய கார் கொஞ்சம் இறுக்கமாக ஓடும் என்பது சரி. ஆனால் வேகத்தடையில் 'டம்' என்று இடிப்பதையும், வளைவில் திடீரென்று பிடி விடுவதையும், விரைவுச்சாலையில் ஸ்டீயரிங் அலைவதையும் அந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அவற்றில் பெரும்பாலானவை நாம் செய்யாமல் விட்ட வேலைகள்.

வண்டி கட்டையாக இருக்கிறது என்று சொன்னதும் ஸ்பிரிங்கின் விறைப்பைக் குறை சொல்கிறோம். சந்தையில் உள்ள ஸ்பிரிங்குகளில் பெரும்பாலானவை காரை 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை இறக்கும். விறைப்பும் கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் மட்டுமே இடுப்பை ஒடிக்காது. ஒடிப்பது பம்ப் ஸ்டாப் என்ற நுரைத் துண்டு. முன்சக்கரம் மேலேறி பம்ப் ஸ்டாப்பைத் தொடும்வரை 50 மி.மீ. இடம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 35 இறக்கினால் மிச்சம் 15. முன்பு 50 மி.மீ. ஓட்டத்தில் ஸ்பிரிங் விழுங்கிய அதே அடியை 15-க்குள் விழுங்க அது ஏறக்குறைய 11 மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். நாம் மாட்டியதோ கால் பங்கு கூடுதல் விறைப்புள்ள ஸ்பிரிங். மீதி அடியை வாங்குவது அந்த மஞ்சள் நுரைத் துண்டு. அதிலிருந்து மேல் மவுண்டுக்கும், பிறகு உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கும் போகிறது.

பின்பக்கம் இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் வாராந்திரச் சாமான் வாங்கி டிக்கியை நிரப்பி, பின் இருக்கையில் மூன்று பேரை ஏற்றும் குடும்பக் காரை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பின்சக்கரத்தின் மேலும் 90 கிலோ கூடினால், மில்லிமீட்டருக்கு 3 கிலோ தாங்கும் ஸ்பிரிங் 30 மி.மீ. அமுங்கும். மிச்சமிருந்ததே 15 என்றால், சிராங்கூன் சாலையில் சிக்னலுக்கு நிற்கும்போதே அந்தக் கார் பம்ப் ஸ்டாப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நாம் ஓட்டிப் பார்ப்பது ஆளில்லாத காரை, அதனால் நமக்கு இது தெரிவதில்லை. வளைவில் வரும் ஆபத்தும் இதிலிருந்துதான். எந்தப் பக்கம் முதலில் பம்ப் ஸ்டாப்பில் முட்டுகிறதோ அந்தப் பக்கம் சட்டென்று விறைத்து, டயர் பிடியை விடும். முன்பக்கம் முட்டினால் கார் திரும்பாமல் நேரே போகும். பின்பக்கம் முட்டினால் வால் வீசும். மழைநாளில் விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் இது நடந்தால் ஓட்டுநருக்கு யோசிக்க நேரமிருக்காது.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அப்சார்பர் தண்டில் ஒரு கேபிள் டையை நகரும் அளவுக்கு லேசாக மட்டும் இறுக்கிக் கட்டி, உடலோடு ஒட்டக் கீழே தள்ளிவிடுங்கள். வாடிக்கையாளர் வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு ஒரு சுற்று, வீவக அடுக்குமாடி நிறுத்துமிடத்தின் மேடுகளையும் சேர்த்து ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்த்தால், டை எதுவரை ஏறி நிற்கிறதோ அதுவரை அப்சார்பர் அமுங்கியிருக்கிறது. பம்ப் ஸ்டாப் பாதிக்கு மேல் நசுங்கியிருந்தால் அந்த ஸ்பிரிங் அந்தக் குடும்பத்துக்கு ஏற்றதல்ல என்று நேராகச் சொல்லிவிடலாம். பம்ப் ஸ்டாப்பை வெட்டிச் சின்னதாக்குவது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஸ்பிரிங் தயாரிப்பாளர் இத்தனை மி.மீ. வெட்டு என்று குறிப்பிட்டிருந்தால் வெட்டுங்கள். சொல்லாத இடத்தில் வெட்டினால் அப்சார்பரின் உள்ளே இரும்பும் இரும்பும் மோதும்.

அடுத்தது புஷ். நம்மில் பலர் இன்னும் சரியாகச் செய்யாத வேலை இதுதான். லோயர் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ் உள் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டப்பட்டது. அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். கார் பழைய உயரத்தில் நிற்கும்போது முறுக்கு இல்லாத நிலையில் ஆர்மைப் பிடிக்கும் போல்ட் இறுக்கப்பட்டது. ஸ்பிரிங்கை மாற்றி 35 மி.மீ. இறக்கியதும் எல்லா புஷ்களும் எந்நேரமும் முறுக்கிலேயே கிடக்கின்றன. லிஃப்டில் சக்கரங்கள் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால் கேடு இரட்டிப்பாகும். ரப்பரே கூடுதல் ஸ்பிரிங்காக வேலை செய்து காரைத் தூக்கிப் பிடிக்கும், சவாரியை விறைப்பாக்கும், சில மாதங்களில் கிழியும். செய்ய வேண்டியது: ஆர்ம் போல்ட்டுகள் அனைத்தையும் தளர்த்தி, நான்கு சக்கரமும் தரையில் அல்லது டிரைவ்-ஆன் ரேம்பில் நிற்கும்போது காரை முன்னும் பின்னும் உருட்டி, அமுக்கி, அமர்ந்த பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்குவது. இதற்குப் பிடிக்கும் நேரத்தைக் கூலியில் சேருங்கள். இலவசமாகச் செய்யும் வேலை அவசர நாளில் விட்டுப்போகும். மேல் மவுண்டின் நட்டை ஏர் கன்னால் அடிப்பதையும் நிறுத்துங்கள். தண்டு சுழன்று அப்சார்பரின் சீல் கெடும். எண்ணெய்க் கசிவு தெரியச் சில மாதங்களாகலாம், அதற்குள் பழி ஸ்பிரிங்கின் மேல் விழுந்திருக்கும்.

மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் 1950-இல் ஃபோர்டு கான்சலில் வந்தது. இன்று நம் லிஃப்டில் ஏறும் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் அதுதான். இந்த அமைப்பில் காரை இறக்கினால் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விடக்கூடும். அப்போது ரோல் சென்டர் காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும், இரண்டுக்கும் இடைவெளி கூடும். அதனால்தான் சில கார்கள் தாழ்த்திய பிறகும் வளைவில் முன்பைவிட அதிகம் சாய முயல்கின்றன. டை ராடின் கோணமும் மாறுவதால் மேட்டில் ஏறும்போதெல்லாம் டோ மாறி, ஸ்டீயரிங் கையில் உதறும். உள் ஓரம் தேய்ந்த டயரைக் காட்டினால் எல்லோரும் கேம்பர் என்கிறோம். நான் பார்த்த டயர்களில் பாதிக்கு மேல் டோ தின்றவை. தாழ்த்திய காருக்கு நான்கு சக்கர அலைன்மெண்ட் கட்டாயம்.

பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போது கார் ஒரு குலுக்கலோடு நிற்காமல் இரண்டு மூன்று முறை தலையாட்டினால் குறை அப்சார்பரில் இருக்கிறது. விறைப்பு 30 விழுக்காடு கூடினால், அதே அளவு அடக்கத்துக்கு அப்சார்பரின் தடுப்பாற்றல் 14 விழுக்காடு கூட வேண்டும். 80,000 கிலோமீட்டர் ஓடிய பழைய அப்சார்பரில் இருந்ததே குறைந்திருக்கும். முன்பக்க ஸ்பிரிங்கைவிடப் பின்பக்க ஸ்பிரிங் சற்று வேகமாக ஆட வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி 1930-களிலேயே காட்டிவிட்டார். தாமதமாக அடிவாங்கும் பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து, கார் தட்டையாக அமரும். முன்னுக்கு ஒரு கம்பெனி, பின்னுக்கு இன்னொரு கம்பெனி என்று கலந்து மாட்டும்போது இந்த ஒழுங்கு குலைகிறது. ஸ்பிரிங்கை அறுத்துச் சின்னதாக்குவதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத மனமில்லை: அதைச் செய்யும் பட்டறை மூடப்பட வேண்டும்.

கார் வாகனப் பரிசோதனையில் தேறியதே சான்று என்று சிலர் வாதாடுகிறார்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பத்து ஆண்டைத் தாண்டினால் ஆண்டுதோறும் நடக்கும் அந்தப் பரிசோதனை பிரேக்கையும் சக்கர அலைன்மெண்ட்டையும் அடிப்பகுதியையும் பார்க்கிறது. ஐந்து பேரோடு கார் வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பார்ப்பது நம் வேலை. நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை அனுமதி வேண்டாதவை, அனுமதி பெற வேண்டியவை, கூடாதவை என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. மாட்டும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

புதிய கார்களில் இன்னும் சில பொறுப்புகள் கூடியிருக்கின்றன. உயரத்தை அறியும் சென்சாரை மறுபடி அமைக்காவிட்டால் முகப்பு விளக்கின் ஒளி தவறான இடத்தில் விழும். முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள காரானால் அதை மறுபடி அளவமைக்க வேண்டுமா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். மின்சாரக் கார்களின் பேட்டரி காரின் தரைத்தளத்துக்கு அடியில் இருக்கிறது. அதை மேட்டில் உரசவிட்டு ஸ்பிரிங் அழகாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

வேலைச் சீட்டில் இத்தனை இருக்கட்டும்: மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளவு, பம்ப் ஸ்டாப் வரை மிஞ்சிய ஓட்டம், அலைன்மெண்ட் தாள், வாடிக்கையாளர் வழக்கமாக ஏற்றும் பாரம். புது ஸ்பிரிங் சில மி.மீ. அமரும். அதனால் இரண்டு வாரத்தில் காரை மறுபடி வரச்சொல்லி உயரத்தை அளந்து, அலைன்மெண்ட்டைத் திருத்துங்கள். அந்த இரண்டாம் வருகைக்கான கூலியை முதல் நாளே விலையில் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.